சங்கு ஊதாத உத்தியோகம்

கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கொழுந்து பறித்த கைகள் வளர்த்த பிள்ளைகள், இன்று பட்டம் பெற்று மலை இறங்குகிறார்கள். கோவைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிறார்கள். முதுகில் கூடை இல்லை. கழுத்தில் டை தொங்குகிறது. இதைக் கண்டு மகிழாத தொழிலாளி உண்டா? பெற்ற வயிறு குளிர்கிறது. நமக்கும் பெருமைதான்.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி கேட்போம். கூடை சுமந்த தாய்க்கு மாலையில் சங்கு ஊதியது. கொழுந்தை எடை போட்டாள். லைன் வீடு திரும்பினாள். அவள் மகனுக்குச் சங்கு எப்போது ஊதுகிறது?

முதலீட்டு வங்கி என்று ஒன்று உண்டு. நீங்களும் நானும் சேமிப்புப் போடுகிற வங்கி அல்ல அது. கம்பெனிகளின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பெரும் பணம் வைத்திருப்போருக்கு விற்றுக் கொடுத்துத் தரகு வாங்கும் இடம். அங்கே விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேரும் வாலிபனின் நாள் எப்படிப் போகிறது?

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கிறது. அதற்கு வெகுமுன்பே அவன் நாற்காலியில் இருக்க வேண்டும். உலகச் செய்திகளைப் படித்து, காலைக் கூட்டத்தில் குறிப்பெடுத்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். பிற்பகல் 3.30-க்குச் சந்தை மூடுகிறது. அவன் வேலை மூடுவதில்லை. அறிக்கை எழுத வேண்டும்; லண்டனும் நியூயார்க்கும் விழித்திருக்கும்வரை பதில் சொல்ல வேண்டும். அதன் பின்பு வாடிக்கையாளருடன் ஓட்டலில் இராச் சாப்பாடு. ஊரார் கண்ணுக்கு அது உல்லாசம். உண்மையில் அது, கூலியில்லாத ஓவர்டைம்!

அதே வங்கிகளில் கணக்கும் அறிக்கையும் தயாரிக்கும் இளைஞர்களின் பாடு இன்னும் மோசம். 2021-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் முதலாண்டு ஊழியர் 13 பேர் தங்கள் நிலையைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை. இரவுக்கு 5 மணி நேரத் தூக்கம். 2024-ல் ஜே.பி. மார்கன் வங்கி, இளம் ஊழியருக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அடடா, என்ன கருணை! ஆறு நாளாகப் பங்கிட்டாலும் நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வருகிறதே! அதற்குப் பெயர் சலுகை!

அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியுமா? லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரம் 90 மணி நேர உழைப்பை ஆதரித்துப் பேசிய பேச்சு, 2025 ஜனவரியில் வெளியாயிற்று. ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை வாங்க முடியவில்லையே என்று அதில் வருந்தினார். யாருடைய ஞாயிற்றுக்கிழமை, தோழர்களே?

எட்டு மணி நேரம் யாரும் தானமாகத் தந்ததல்ல. 1886-ல் சிகாகோ தொழிலாளர் இரத்தம் சிந்தினர். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். நம் நாட்டில், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு 1922-ல் வாரம் 60 மணி, 1934-ல் 54, வைசிராய் சபையில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1946-ல், 48 என்று சட்டம் வந்தது.

தேயிலைத் தொழிலாளிக்கோ, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 54 மணி நேரம் என்றது. அதை 48 ஆக்கியது 1981-ஆம் ஆண்டுத் திருத்தம். மேட்டுப்பாளையத்தில் புறப்படும் நம் மலை ரயில் ஐந்து மணி நேரத்தில் உதகை சேர்ந்துவிடுகிறது. சமவெளி ஆலையில் இருந்த 48 மணிச் சட்டம் மலை ஏற 35 ஆண்டுகள் பிடித்தன! அப்படிப் பெற்ற உரிமையைத்தான், நம் பிள்ளைகள் மலை இறங்கும்போது வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எப்படிக் கழற்றுகிறார்கள்? ஒரு பட்டத்தால்! புதிதாகச் சேர்ந்த விற்பனையாளனுக்கு 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று பெயர் சூட்டுகிறார்கள். அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவன் மேனேஜர்! 1994-ல் உச்ச நீதிமன்றம், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் தொழில் தகராறு சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' ஆகமாட்டார்கள் என்றது. அவர்களுக்கு 1976-ல் வந்த தனிச் சட்டமே துணை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள், அந்தச் சட்டம் சொல்லும் விற்பனை ஊழியரைத் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்குள் சேர்க்கின்றன. நிர்வாகப் பொறுப்பினரை வெளியே நிறுத்துகின்றன. ஆகவேதான் பட்டம் தாராளமாகக் கிடைக்கிறது! பெயரைப் பாராதே, செய்யும் வேலையைப் பார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நாமும் அதையே சொல்லுவோம்.

"சம்பளம் கொட்டிக் கொடுக்கிறார்களே!" என்பார்கள். வாங்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சம்பளத்தை அவன் உழைத்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். பிறகு போனஸைப் பாருங்கள். குறித்த கிலோவுக்கு மேல் பறித்தால் கூடுதல் காசு என்ற அதே கணக்குத்தான் அது. கிலோவுக்குப் பதில் 'டார்கெட்'. எட்டிப் பிடித்தால் அடுத்த ஆண்டு இன்னும் உயரத்தில் கட்டுகிறார்கள். பணம் வீட்டுக்கு வருகிறது. பிள்ளை பொங்கலுக்கும் வரவில்லை. இதுவா வாழ்வு?

முடியாதது ஒன்றுமில்லை. 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாள்! பிரான்சில் 2017 முதல், வேலை நேரம் முடிந்தபின் தொலைபேசியைத் துண்டித்து வைக்கும் உரிமையைச் சட்டம் ஏற்கிறது.

ஆகவே தோழர்களே, பிள்ளை ஊருக்கு வரும்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புகிறாய் என்று கேளுங்கள். தோட்டத்தில் செக்ரோல் இருப்பதுபோல், தன் நேரத்தைத் தானே நாள்தோறும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை வழக்குக்கு அதுவே சாட்சி. டை கட்டியவனுக்குச் சங்கத்தில் என்ன வேலை என்று நம்மில் ஒருவரும் கேட்க வேண்டாம். கூடை சுமந்தவளும் உழைப்பாளி. தொலைபேசி சுமப்பவனும் உழைப்பாளி. தாய்க்கு 48 மணி நேரம் வாங்கித் தந்த சங்கம், மகனுக்கும் வாங்கித் தரட்டும்!