வென்றவர் யார்?

சுப்பர்மேனும் பேட்மேனும் பொருதினால் வெல்பவர் யார் என்று கல்முனைக் கடற்கரையிலே மாணவர் சிலர் இருட்டும்வரை வாதிடக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் பலர் இதனை வீண்பேச்சென்று கடிகின்றனர். எனக்கு அஃது உடன்பாடன்று.

நம் பட்டிமன்றங்களில் நடப்பது மட்டும் வேறா? கர்ணனா, அருச்சுனனா என்ற வாதத்தில், கவசகுண்டலங்களை இந்திரனுக்கு ஈந்தபின் நிகழ்ந்த போரைக்கொண்டு கர்ணனின் ஆற்றலை அளக்கலாமா என்று கேட்கிறோம். திறனாய்வு அங்கேதான் பிறக்கிறது.

சித்திரக்கதைக்கும் இது பொருந்தும். 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த கதையொன்றில் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி சுப்பர்மேனையே வீழ்த்திவிடுகிறார். நம்மூர் இளைஞருக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது! ஆனால் அப்போட்டி செஞ்சூரியனின் ஒளியில் நடந்தது. அவ்வொளியில் சுப்பர்மேன் தன் பேராற்றலை இழந்துவிடுவான். இதனை மறைத்து வெற்றியை மட்டும் முழங்குபவன் கதையைப் படித்தவனல்லன்.

1996இல் மார்வல், டீசி ஆகிய இரு பதிப்பகங்களும் தத்தம் வீரர்களை மோதவிட்டு, ஐந்து போர்களின் முடிவை வாசகர் வாக்குக்கே விட்டன. வாக்கு, வாசகர் யாரை விரும்பினர் என்பதைச் சொல்லும்; ஏன் வென்றான் என்பதைச் சொல்லுமா?

மாணவனின் வாயை அடைக்க வேண்டாம். "எந்தக் கதையில், எந்தப் பக்கத்தில்?" என்று கேளுங்கள். அவன் புத்தகத்தைத் தேடிக்கொண்டு ஓடுவான்.