பாடலுக்குப் பொருள் தேடிய பிள்ளை





மக்ரிபுக்குப் பின் எம் மத்ரஸாவில் ஓத வரும் மாணவன் ஒருவனுடைய தாயார், ஒரு மே மாத மாலையில், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எம்மைக் காண வந்தார். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, இராத்திரியெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு என்னென்னவோ பாஷையில் பாட்டுக் கேட்கிறான். சனிக்கிழமை விடிய விடியத் தூங்கவில்லை. நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்" என்றார். அந்த ஞாயிறு ஃபஜ்ருக்கு வந்தவன் ஸஃப்பில் நின்றபடியே கண்ணயர்ந்ததை நாமும் பார்த்திருந்தோம். ஆகவே நோட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பை முடிவு செய்துவிட்டோம். மறுநாள் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

இஷாவுக்குப் பின்னர்தான் அந்த நோட்டைத் திறந்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோல் வைத்துக் கோடிட்டு நான்கு பத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. நாடு, பாடலின் பெயர், மொழி, தமிழில் பொருள். சில பாடல்களின் குறுக்கே ஒரு கோடு. அருகில் "பொருள் சரியில்லை, விட்டுவிட்டேன்" என்ற குறிப்பு. அதைக் கண்டபோது, அவசரப்பட்டுவிட்டோமோ என்னும் எண்ணம் எம்முள் எழுந்தது.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "இது என்ன தம்பி, எங்களுக்கும் சொல்" என்று கேட்டோம். அவன் சொன்னதைக் கேட்டு, நாமும் சற்றுத் தேடிப் படித்தோம்.

ஐரோப்பாவில் யூரோவிஷன் என்றொரு பாடல் போட்டி ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறுகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் இப்போட்டி, 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு பாடலை அனுப்பும். பாடல் மூன்று நிமிடத்தைத் தாண்டலாகாது; மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கலாகாது. தத்தம் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி சில காலம் இருந்து, 1999-இல் நீங்கியது. அதன்பின் பெரும்பாலோர் ஆங்கிலத்துக்கு மாறினர். அப்படியிருந்தும் தாய்மொழியிலேயே பாடி வென்றவர்கள் உண்டு. அவர்களைத் தேடிக் கண்டடைவதுதான் அம்மாணவனுக்குப் பேரின்பம்.

ஆண்டின் தொடக்கத்திலேயே அவனுடைய தேடல் தொடங்கிவிடுகிறது. இத்தாலியில் 1951 முதல் நடந்துவரும் சான்ரெமோ விழா, ஸ்வீடனின் மெலோடிஃபெஸ்டிவாலன் முதலிய உள்நாட்டுத் தேர்வுகளை அவன் ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறான். இறுதிப் போட்டி நம் நேரப்படி ஞாயிறு அதிகாலை 12.30 மணிக்குத் தொடங்கி, ஏறத்தாழ ஃபஜ்ர் நேரம் வரை நீள்கிறது. அவன் ஸஃப்பில் உறங்கியதன் காரணம் அதுவே.

"எப்படித் தொடங்கியது?" என்று கேட்டோம். "கைப்பேசி எனக்கு ஒரே மாதிரிப் பாடல்களையே மறுபடி மறுபடி கொண்டுவந்து கொடுத்தது, ஹஜ்ரத். அலுத்துப்போயிற்று. ஒருநாள் போர்ச்சுக்கீசியப் பாடல் ஒன்று வந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. ஏன் கலங்கியது என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது" என்றான். 2017-இல் கீவ் நகரில் வென்ற சல்வாடோர் சோப்ராலின் பாடல் அது. அவருடைய சகோதரி எழுதியது. ஆடம்பர விளக்குகளும் ஆட்டமும் இன்றி, ஒருவர் அமைதியாக நின்று பாடியது. 1964 முதல் கலந்துகொண்டு வந்த போர்ச்சுகலுக்கு அதுவே முதல் வெற்றி. அதன் தலைப்புக்கு, இருவருக்குமாக ஒருவரே அன்பு செலுத்துதல் என்று அவன் தமிழில் பொருள் எழுதியிருந்தான்.

அடுத்த பக்கங்களில் செர்பியாவின் பாடல் ஒன்று இருந்தது. 2007-இல் வென்ற அதன் பெயருக்கே பிரார்த்தனை என்று பொருள். பின்னர், 2019-இல் சான்ரெமோவில் முதலிடம் பெற்ற மஹ்மூத் என்னும் மிலன் நகர இளைஞரின் பாடல். அவருடைய தந்தை எகிப்தியர். பணத்தால் தந்தைக்கும் மகனுக்கும் இடையே விழுந்த விரிசலைப் பேசும் அந்த இத்தாலியப் பாடலின் நடுவே வரும் அரபுச் சொற்களை, அவன் தானே இனங்கண்டு அடிக்கோடிட்டிருந்தான். எம்மிடம் கற்ற அரபு அங்கே அவனுக்கு உதவியிருக்கிறது!

எம்மை நிலைகுலைய வைத்த பக்கம் ஒன்று உண்டு. நாடு: உக்ரைன். பாடலின் பெயர்: 1944. மொழி: ஆங்கிலமும் கிரிமியத் தாத்தாரும்.

கிரிமியத் தாத்தார்கள் என்போர் கருங்கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் முஸ்லிம் சமுதாயத்தார். பக்சிசராய் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரிமிய கானரசு அவர்களுடையது. 1783-இல் ரஷ்யப் பேரரசு அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, பகைவருக்குத் துணைபோனதாக ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் பழி சுமத்தி, அவர்களைப் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்ற ஸ்டாலின் ஆணையிட்டார். 1944 மே 18-இல் தொடங்கி மூன்றே நாட்களில், முதியோர், பெண்கள், பாலகர் என்ற வேறுபாடின்றி ஏறத்தாழ 1,90,000 மக்கள் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டனர். வழியிலும், சென்று சேர்ந்த இடத்திலும் பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் மாண்டனர். எஞ்சியோர் பெருமளவில் ஊர் திரும்ப 1980-களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜமாலா என்னும் பாடகியின் கொள்ளுப்பாட்டி, அந்த இரயிலில் தம் ஐந்து பிள்ளைகளுடன் ஏற்றப்பட்டவர். ஒரு பிள்ளை வழியிலேயே இறந்தது. அந்தத் துயரத்தை ஜமாலா 2016 மே 14-இல் ஸ்டாக்ஹோமில் பாடி வென்றார். வெளியேற்றத்தின் நினைவு நாளுக்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன. அரசியல் கலந்த பாடல்களுக்கு இடமில்லை என்பது போட்டியின் விதி. எனினும் இப்பாடல் அவ்விதியை மீறவில்லை என ஒன்றியம் முடிவு செய்தது.

"இந்த மக்களைப் பற்றி நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, ஹஜ்ரத்?" என்று அவன் கேட்டான். எம்மிடம் விடையில்லை. உம்மத்தின் துயரங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசிவந்த நாம், அந்த மே மாதத்தின் மூன்று நாட்களைப் பற்றி ஒரு பாடலின் வழியே, அதுவும் எம் மாணவன் வாயால் அறிந்துகொண்டோம்.

இங்கே வாசகர்களில் சிலர், "ஹஜ்ரத் பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறாரா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இசைக்கருவிகளைப் பற்றி நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களுள் பெரும்பான்மையோர் கொண்ட கண்டிப்பான நிலையை நாம் மறைக்கவில்லை. அதைத்தான் எம் வகுப்பிலும் கற்பிக்கிறோம். இப்னு ஹஸ்ம் போன்றோர் அதற்கு மாறாகக் கருதியதையும், இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் கேட்டல் பற்றித் தனிப் பகுதியே எழுதியதையும் வளர்ந்த மாணவர்களிடம் மறைப்பதில்லை. ஆடையிலும் சொல்லிலும் ஹயா அற்ற பாடல்கள் அந்த மேடையில் நிறைய உண்டு என்பதையும் அறிவோம். இக்கட்டுரை ஃபத்வா அன்று. அதே வேளையில், நம் ஊர்களில் பெருநாள் காலையில் ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீஃபா அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்பாடல்களிலும் இசைக்கருவிகள் உண்டு. நமக்குப் பழகியது காதில் உறுத்துவதில்லை. பிள்ளைக்குப் பிடித்தது மட்டும் உறுத்துகிறது. இதை ஒப்புக்கொண்ட பின்னரே அவர்களிடம் பேசுவது நேர்மை.

நாம் சொல்ல வருவது வேறொன்று. அந்த நோட்டில் இருந்த பாடல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அதில் இருந்த உழைப்பைப் பாருங்கள். தனக்குத் தெரியாத ஒரு மொழியில் ஒன்றைக் கேட்கிறான். அதன் ஒலியோடு நின்றுவிடாமல், பொருள் என்ன, பாடியவர் யார், அவர் மக்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிச் செல்கிறான். பொருள் தகாததாயின் தானே விட்டுவிடுகிறான். மனிதர் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத்தில் நாம் ஓதுகிறோமே, அந்த அறிதலின் ஒரு சிறு பங்கை இப்பிள்ளை தன் அறையில் தனியே செய்துகொண்டிருக்கிறான். ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் மேற்கொண்ட வரலாற்றை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அந்தப் புனிதப் பயணத்தோடு இதை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் தேடும் குணம் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பது அல்லாஹ்வின் அருள். அதைப் பெரியவர்களாகிய நாம் அடித்து நொறுக்கிவிடலாகாது.

உரையாடலின் முடிவில் நாம் அவனிடம் ஒன்று கேட்டோம். "இத்தனை மொழிப் பாடல்களுக்குப் பொருள் தேடினாயே, தொழுகையில் ஓதும் ஸூராக்களுக்கும் இப்படித் தேடினாயா?" அவனை மடக்கிவிட்டதாகவே நினைத்தோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "இல்லை, ஹஜ்ரத். ஓதும்போது பொருள் கேட்டால், முதலில் மக்ரஜைச் சரிசெய் என்று சொல்வீர்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்."

அந்தச் சொற்களை நாம் இன்றும் மறக்கவில்லை. அவன் பத்து வயதில் கேட்டிருப்பான். வகுப்பின் நெருக்கடியில் நாமும் அப்படிச் சொல்லியிருப்போம். மக்ரஜ் முக்கியம்தான். ஆனால் கேள்வியோடு வந்த பிள்ளையைக் கேள்வியின்றி அனுப்பியது நாம். தேடும் குணம் அழியவில்லை. எங்கே கதவு திறந்திருந்ததோ அங்கே சென்றுவிட்டது.

ஆகவே பெற்றோர்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே. பிள்ளையின் காதிலிருந்து கருவியைப் பிடுங்கும் முன், "என்ன கண்டுபிடித்தாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். பொருள் தெரிந்துதான் கேட்கிறானா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள். பொருளை அறிந்த பிள்ளை பல பாடல்களைத் தானே கைவிடுவதை நாம் கண்கூடாகப் பார்த்தோம். நேரத்துக்கு வரம்பு வையுங்கள். தொழுகையும் உறக்கமும் படிப்பும் அந்த வரம்புக்கு உட்பட்டவையல்ல. நள்ளிரவில் நடக்கும் போட்டியின் முடிவை மறுநாள் காலையில் அறிந்துகொண்டாலும் அது மாறிவிடப்போவதில்லை. இதை அவனும் ஒப்புக்கொண்டான். மற்றவர் முன்னிலையில் கண்டித்ததற்காக அவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம், மற்றவர் முன்னிலையிலேயே.

இப்போது வியாழன்தோறும் எம் வகுப்பில் ஒரு சிறிய ஸூராவைச் சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்துப் படிக்கிறோம். சூரத்துல் அஸ்ரிலிருந்து தொடங்கினோம். கரும்பலகையில் பத்திகள் பிரித்துக் கோடு போடுவது அவன் பொறுப்பு. பாடல் தேடுவதை அவன் நிறுத்திவிட்டானா என்றால், இல்லை. அவன் தாயாருக்கும் இன்னும் முழு நிறைவு இல்லை. எம்மைச் சந்திக்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறார். அவர் கவலையில் நியாயம் உண்டு. எனினும், இப்போது அவன் தான் கேட்பதை ஒளிப்பதில்லை. அது சிறிய ஆதாயமன்று.

நம் பிள்ளைகளின் செவிகளையும் பார்வைகளையும் இதயங்களையும் அல்லாஹ் நன்மையின்பால் திருப்புவானாக. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் செவிசாய்க்கும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.