பில் உங்கள் பெயரில், பாஸ்வேர்டு யார் கையில்? வீட்டு வைஃபையை ஏன் பூட்ட வேண்டும்

கெலாங் பாத்தாவில் வாடகைக்கு அறை தேடிப் பார்த்திருக்கிறீர்களா? விளம்பரத்தில் வாடகைத் தொகைக்கு அடுத்து வரும் விஷயம் பெரும்பாலும் வைஃபைதான். இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டி துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், எடுசிட்டியில் படிக்கும் மாணவர்கள் என ஒரே வரிசை வீட்டில் நான்கைந்து பேர் தங்குவது இங்கே சகஜம்.

இணையச் சந்தா அவர்களில் ஒருவர் பெயரில் இருக்கும். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் காலி செய்துவிட்டுப் போனவருக்கும் தெரியும். அவரைப் பார்க்க வந்த நண்பருடைய கைப்பேசியிலும் அது இன்னும் பதிவாகி இருக்கும்.

"அதனால என்ன? யாரோ கொஞ்சம் யூடியூப் பார்த்துட்டுப் போறாங்க" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வேகம் குறைவது இதில் மிகச் சின்னப் பிரச்சினை. உங்கள் வைஃபை வழியாக வேறொருவர் ஏதாவது பதிவிட்டால், முதலில் கேள்வி கேட்கப்படுவது பில்லில் பெயர் உள்ள நீங்கள். அவர் மனசு வைத்தால், அடுத்த அறையில் இருக்கும் உங்கள் கணினியையும் எட்டிப் பார்க்கலாம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பிறகு கணினிக்கு வருவோம்.

சட்டம் உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது

உங்கள் வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும், வெளி உலகத்துக்கு அவை பொதுவாக ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் அந்த முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று இணையச் சேவை நிறுவனத்தைக் கேட்டால், சந்தாதாரர் பெயர் கிடைக்கும். எந்த அறையில் இருந்தவர் பயன்படுத்தினார், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரா என்பதெல்லாம் அதில் இருக்காது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. 2012 ஜூலை 31 முதல் அது அமலில் உள்ளது. அதன்படி, ஒரு பதிவு எந்த இணையச் சந்தாவிலிருந்து வெளியானதோ, அந்தச் சந்தாதாரரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கப்படும். "நான் இல்லை" என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. ஒரு பதிவு எந்தக் கணினியிலிருந்து வந்ததோ, அந்தக் கணினியை வைத்திருப்பவருக்கும் இதே மாதிரியான அனுமானம் உண்டு.

அந்தச் சமயத்தில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. 2012 ஆகஸ்ட் 14 அன்று பல மலேசிய இணையத்தளங்கள் தங்கள் பக்கங்களை இருட்டாக்கி எதிர்ப்பைக் காட்டின. வைஃபை வைத்திருக்கும் சாதாரண மக்களும் கடைக்காரர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கிய வாதங்களில் ஒன்று. அரசாங்கம் மறுபரிசீலனை செய்தது. ஆனால் பிரிவு நீடித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது அனுமானம்தான், தீர்ப்பு இல்லை. அதை முறியடிக்க முடியும். ஆனால் விசாரணை, கணினி பறிமுதல், வழக்கறிஞர் செலவு எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். மேலும், இணையத்தில் தொல்லை தரும், மிரட்டும் பதிவுகளைத் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு 2025 பிப்ரவரியில் கடுமையாக்கப்பட்டது. அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கும், சிறைத் தண்டனை ஓராண்டிலிருந்து ஈராண்டுக்கும் உயர்ந்திருக்கிறது. அதாவது, வேறொருவர் செய்ததற்கு நீங்கள் பதில் சொல்ல நேர்ந்தால், பணயம் முன்பைவிட அதிகம்.

நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று இந்தியாவின் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகளில் 50க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியைத் துரத்திய போலீசார் போய் நின்றது, நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். கணினிகளைக் கைப்பற்றி அவரை விசாரித்தார்கள். அவருக்கும் தாக்குதலுக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களில், மும்பை போலீசாரே தெருத் தெருவாகப் போய்த் திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடத் தொடங்கினார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. 2006இல் சிங்கப்பூரில் 17 வயது இளைஞர் ஒருவர் பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதற்காகக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார். 2007இல் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. தினமும் பாலம் தாண்டுகிறவர்கள் இதையும் மனசில் வையுங்கள். திறந்து கிடக்கிறது என்பதால் அது இலவசம் என்று அர்த்தமில்லை.

உள்ளே வந்தவர் கணினி வரை எப்படிப் போகிறார்?

வைஃபை பாஸ்வேர்டை வாசல் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி உள்ளவர் ஹாலுக்கு வந்துவிட்டார். இனி அறைக் கதவுகள் சாத்தியிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பத்து வருடங்களுக்கு முன்பு பெரிய பயம் ஒட்டுக்கேட்பதுதான். இன்று பெரும்பாலான தளங்கள் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. அதனால் உங்கள் வங்கி பாஸ்வேர்டை ஒருவர் காற்றிலிருந்து அப்படியே பிடித்துவிடுவது சுலபமில்லை. ஆனால் வேறு மூன்று வழிகள் இன்னும் திறந்திருக்கின்றன.

முதலாவது, பகிர்ந்த கோப்புறைகள். அண்ணனுடைய கணினிக்குப் படம் அனுப்ப ஒருநாள் 'ஷேரிங்' போட்டிருப்பீர்கள். அது இன்னும் ஆனில் இருந்தால், அதே வைஃபையில் உள்ள எவரும் அந்தக் கோப்புறையைப் பார்க்க வாய்ப்புண்டு. ஐசி நகல், சம்பளச் சீட்டு, வேலை அனுமதிப் பத்திரம் எல்லாம் அதில் இருக்கலாம்.

இரண்டாவது, அப்டேட் செய்யாத கணினி. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

மூன்றாவது, ரவுட்டரையே பிடித்துக்கொள்வது. பலர் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். ஆனால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு, பெட்டியில் வந்தபோது இருந்த 'அட்மின்' என்பதாகவே கிடக்கிறது. அதில் நுழைந்தவர் டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் சரியான தள முகவரியைத் தட்டினாலும் உங்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்ப முயலலாம். பிரேசிலில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படித்தான் டிஎன்எஸ் மாற்றப்பட்டது.

இன்று மாலை அரை மணி நேரத்தில் செய்யக்கூடியவை

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். நிர்வாகப் பக்க முகவரி அதில் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போங்கள்.

1. நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதல் வேலை இதுதான். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

2. பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. பழைய டபிள்யூஇபி வேண்டவே வேண்டாம். அது பலவீனமானது என்று 2001லேயே நிரூபித்துவிட்டார்கள். இன்று சில நிமிடங்களில் திறந்துவிடலாம்.

3. வைஃபை பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். வீட்டு எண், கைப்பேசி எண், பிறந்த தேதி வேண்டாம். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் நல்லதுதான். ஒருவர் வீட்டைக் காலி செய்தால் அன்றே மாற்றுங்கள்.

4. டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் 8 இலக்க எண்ணைப் பாதி பாதியாகச் சோதிக்க முடியும் என்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்பது 2011இல் அம்பலமானது.

5. 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்து, விருந்தினர், ஸ்மார்ட் டிவி, சிசிடிவி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். உங்கள் கணினி மட்டும் முதன்மை வைஃபையில் இருக்கட்டும்.

6. ரவுட்டர் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்டேட் வருவதே நின்றுபோன பழைய ரவுட்டர் என்றால், மாற்றுவது நல்லது.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பயன் உண்டா? பெரிதாக இல்லை. தேடத் தெரிந்தவருக்கு அது தெரியத்தான் செய்யும்.

ரவுட்டர் என் கையில் இல்லை, நான் வெறும் வாடகைக்காரன்

இங்கே பலருடைய நிலைமை இதுதான். அப்படியென்றால் உங்கள் அறைக் கதவை நீங்களே சாத்திக்கொள்ளுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையை 'பிரைவேட்' என்று வைக்காமல் 'பப்ளிக்' என்று மாற்றுங்கள். மற்ற கருவிகளுக்கு உங்கள் கணினி அதன்பின் தெரியாது. ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புப் பகிர்வை அணையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளி டிரைவில் ஒரு நகல் வையுங்கள். வங்கி வேலையைக் கைப்பேசி டேட்டாவில் முடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பலர் பகிரும் வைஃபையில் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியை வைத்திருப்பது, ஆள் நடமாட்டமுள்ள ஹாலில் பணப்பையை விட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி.

சந்தா உங்கள் பெயரில் இருந்து, பயன்படுத்துவது மற்றவர்கள் என்றால், யார் யாருக்கு எந்தத் தேதியில் பாஸ்வேர்டு கொடுத்தீர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது எழுதி வையுங்கள். நாளைக்கு "நான் மட்டும் பயன்படுத்தவில்லை" என்று சொல்ல வேண்டி வந்தால், வாய்ப்பேச்சைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஏற்கெனவே யாரோ உள்ளே இருந்தால்?

நிர்வாகப் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். வீட்டில் உள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். அடையாளம் தெரியாத ஒன்று இருந்தால், முதலில் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். அவசரத்தில் ரவுட்டரை 'ரீசெட்' செய்துவிட்டால், சான்றும் சேர்ந்து அழிந்துபோகலாம்.

கணினிக்குள் யாரோ நுழைந்ததாகத் தெரிந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம். அனுமதியின்றிக் கணினித் தரவை அணுகுவது, 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். போலீஸ் புகாரும் கொடுங்கள். சந்தேகம் வந்த அன்றே கொடுத்த புகார், பின்னால் 114ஏ பிரிவு உங்கள் பக்கம் திரும்பினால் உங்களுக்குத் துணை நிற்கும்.

இன்று இரவு வேலை முடிந்து பாலம் தாண்டி வீடு வந்ததும் ஒரே ஒரு விஷயம் செய்யுங்கள். அந்தப் பட்டியலைத் திறந்து, வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கருவியாகக் கேளுங்கள்: "இது யாருடையது?" யாருமே கை தூக்காத கருவி ஒன்று இருந்தால், பாஸ்வேர்டை மாற்ற நாளை வரை காத்திருக்க வேண்டாம்.