"அவங்களே தான் தனியா போறாங்க"வாம்!

முஸ்லிம்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கறதில்லைன்னு யாராவது எழுதினா போதும், நம்ம மக்கள் ரெடியா ஒரு பதில் வெச்சிருக்காங்க. "அவங்களே தான் ஒரே ஏரியாவுல கூடிக்கறாங்க, மத்தவங்களோட கலக்கறதில்லை." சொல்றவர் பெரும்பாலும் சொந்த ஃப்ளாட்டுல உக்காந்துக்கிட்டு சொல்றார் :-)

அகமதாபாத் ஜுஹாபுராவை எடுத்துக்குங்க. 1973 சபர்மதி வெள்ளத்துல வீடிழந்த ஏழைகளுக்காக ஆரம்பிச்ச குடியிருப்பு. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்துதான் குடிவந்தாங்க. அப்புறம் 1985, 1992, 2002னு ஒவ்வொரு கலவரத்துக்கும் இந்துக்கள் வெளியேற, ஊர் முழுக்க இருந்து முஸ்லிம்கள் உயிருக்குப் பயந்து அங்க வந்து சேர்ந்தாங்க. 2002-ல பதவியில இருந்த முஸ்லிம் ஹைகோர்ட் நீதிபதியே வீட்டை விட்டுட்டுப் பாதுகாப்பான இடம் தேடிப் போக வேண்டியதாச்சு. அவரும் கலக்கப் பிடிக்காமத்தான் போனாரா?

இதுக்கு நடுவுல 1991-ல ஒரு சட்டம், கலவரப் பகுதிகள் சட்டம். பயந்து போய் அடிமாட்டு விலைக்கு வீட்டை வித்துட்டு யாரும் ஓடக் கூடாதுங்கறது நோக்கம். அறிவிக்கப்பட்ட ஏரியாவுல சொத்து கைமாறணும்னா கலெக்டர் அனுமதி வேணும். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விக்கறவரும் வாங்கறவரும் மனசார ஒத்துக்கிட்டாலும், வாங்கறவர் முஸ்லிம்னா அக்கம்பக்கத்துல எதிர்ப்பு மனு கிளம்பிடுது. கலவரம் போட்ட கோட்டைச் சட்டம் காவல் காக்குது.

வதோதராவுல அரசு வீட்டுத் திட்டத்துல ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு 2017-ல ஃப்ளாட் ஒதுக்கினாங்க. 2024-லயும் அங்க குடியிருக்கறவங்க அவங்க வரக் கூடாதுன்னு போராட்டம். இதுல யாருங்க கலக்க மாட்டேங்கறது?

சரி, ஒதுங்கிப் போனாலாவது நிம்மதியா? சில ஏரியாக்களையே கடன் குடுக்க லாயக்கில்லாத பகுதின்னு சில பேங்க்குகள் ஒதுக்கி வெச்சிருக்கறதை 2006 சச்சார் கமிட்டி அறிக்கை சொல்லுது.

அது குஜராத், நம்ம ஊர் அப்படியில்லைன்னு கெத்தா சொல்லிக்கலாம்தான். எங்க டீம்ல ஒருத்தன் சென்னையில வீடு தேடினான். புரோக்கர்கிட்ட அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு சுமுகம். பேரைச் சொன்னதும் "வெஜிடேரியன் மட்டும்தான் சார்". சமைக்கவே மாட்டேன், கேன்டீன்ல சாப்பிட்டுக்கறேன்னான். ஓனர் ஊர்ல இல்லைன்னாங்க. அதே வீட்டுக்கு மறுநாள் நான் போன் பண்ணேன். சாப்பாடு பத்திப் பேச்சே இல்லை, சாவி எப்ப வேணும்னு கேட்டாங்க.

"நானும் தான் பேச்சிலர்னு வீடு கிடைக்காம நாயா அலைஞ்சேன்"னு பின்னூட்டம் போடக் கை துறுதுறுக்குமே? நானும் அலைஞ்சவன்தான் சாமி. நமக்குக் கல்யாணம் ஆனா அது தீர்ந்துடும். அவன் கல்யாணம் பண்ணா, பொண்டாட்டியும் சேர்ந்து அலையணும்.