வண்டியை இருபதில் ஓட்டிக் காட்டுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பைக் வைத்திருப்பவர்களும், பைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நம் குழுக்களில் மாதத்துக்கு ஒரு படமாவது வருகிறது. புது சைலன்சர் மாட்டிய வண்டி, அதன் மேல் சாய்ந்து நிற்கும் பையன், கீழே வரிசையாக இதயச் சின்னங்கள். அந்தப் பையனே அதே வண்டியில் தன் அம்மாவைக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போகும்போது, வண்டி வலிப்பு வந்ததுபோல் இழுத்து இழுத்து அடிக்கிறது. அதற்குப் பரிகாரம் தேட ஒருவருக்கும் நேரமில்லை. ஊரைக் கூட்டும் சத்தத்துக்குப் பல ஆயிரம் செலவழிப்பவன், அம்மாவின் இடுப்புக்காகச் சில நூறு செலவழிக்க யோசிக்கிறான். இதைக் கண்டிக்கத்தான் எழுதுகிறேன்.

"டீச்சருக்கு பைக்கைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். பின்னால் உட்காருகிறவள் என்ற உரிமை எனக்கு உண்டு. புடவை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவளுக்குக் கால் ஊன்ற ஒரே ஒரு பலகை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. முன்னால் இருப்பவருக்குச் சின்னக் குலுக்கலாகத் தெரிவது, பின்னால் இருப்பவளைத் தூக்கிப் போடும். மடியில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே இதை யாரும் சொகுசுப் பேச்சு என்று தள்ள வேண்டாம். வேகத்தடை, பள்ளிக்கூட வாசல், ரயில்வே கேட், தேர் வீதித் திருப்பம் இங்கெல்லாம் விழுந்து எழுந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நூறில் போகும் பெருமையைப் பற்றி ஒரு கேள்வி. லைசென்ஸ் வாங்கப் போனபோது ஆர்.டி.ஓ. மைதானத்தில் உங்களை என்ன செய்யச் சொன்னார்கள்? காலை ஊன்றாமல் மெதுவாக 8 போடச் சொன்னார்கள். நூறில் போய்க் காட்டு என்று யாராவது கேட்டார்களா? மெதுவாக ஓட்டத் தெரிகிறதா என்றுதானே பார்த்தார்கள்! லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே அந்தப் பாடத்தை மறந்துவிட்டோம்.

வண்டி ஏன் இழுத்து அடிக்கிறது? எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். நம் ஊர் பைக்குகள் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 25 தள்ளு. 1500 சுற்று என்றால் நொடிக்குப் பன்னிரண்டரைதான். தள்ளுகளுக்கு நடுவே இடைவெளி கூடக் கூட ஒவ்வொன்றும் தனித்தனியாக உடம்பில் தெரியும்.

பழைய புல்லட் 350 இதைச் சமாளித்த விதத்தைப் பாருங்கள். 70 மி.மீ. அகலச் சிலிண்டர், 90 மி.மீ. நீள வீச்சு, கூடவே கனமான ஃப்ளைவீல். ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் நடுவே அந்தக் கனமே வண்டியை ஓட வைத்தது. 2013-இல் இங்கே வந்த 390 டியூக்கில் கணக்கு தலைகீழ்: அகலம் 89, வீச்சு 60. வேகமாகச் சுற்றுவதற்கென்றே செய்த எஞ்சின். அதை 1800 சுற்றில் சந்தைக்குள் உருட்டினால் திணறத்தான் செய்யும்.

போதாததற்கு, 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 விதிக்காக எரிபொருளை அளந்து அளந்து கொடுக்கிறார்கள். ஊசி முறை வண்டிகள் பலவற்றில், ஓடும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோலே நின்றுவிடும். மறுபடி திருகும்போது சட்டென்று வரும். அந்தச் 'சட்'தான் உங்களை முன்னும் பின்னும் ஆட்டுவது. புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்குவது நம் பராமரிப்பில் உள்ள தளர்வுகள். அவற்றைச் சரிசெய்ய யாரும் தடை போடவில்லையே!

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டும் தவறு என்பேன்.

முதல் கட்சி, "ஓட்டத் தெரியாதவன்தான் குறை சொல்வான்" என்பது. இதில் பாதி உண்மை. மைலேஜ் ஆசையில் நான்காவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் போகிறவன், வண்டியைத் திட்டுவதற்கு முன் கியரைக் குறைக்க வேண்டும். ஆனால் இருபது வருடம் ஓட்டியவர் கையிலும் ஒரு வண்டி அடிக்கிறதென்றால் குறை வண்டியில்தான் இருக்கிறது. நாள் முழுக்க அரை கிளட்சில் ஓட்டி மறைப்பதற்குப் பெயர் திறமை இல்லை. கிளட்ச் தட்டைத் தேய்ப்பது.

இரண்டாவது கட்சி, எதற்கும் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்று என்பது. இது முழுப் பொய். எஞ்சின் கணினியைத் திருத்தாமல் இவற்றை மட்டும் மாற்றினால் காற்று கூடி, குறைந்த வேகத்தில் கலவை இன்னும் மெலிந்து, திணறல் அதிகமாக வாய்ப்பு உண்டு. நோய் ஒன்று, மருந்து வேறு.

இனி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. செயின். கீழ்ப்பக்கச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கிறது. பல வண்டிகளுக்கு 20 முதல் 30 வரை. சக்கரத்தைச் சுற்றி, எங்கே அதிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும். தளர்ந்தால் அடிக்கும், ரொம்ப இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங் கெடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்து இழுத்து, பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் ஆயுள் முடிந்தது.

2. ஆக்சிலேட்டர் கேபிள். கைப்பிடியைத் திருகியதும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா சுற்றினால் சரி. அதைவிட நிறையச் சுற்றினால், நீங்கள் தேடித் தேடித் திருகுவீர்கள், அது திடீரென்று பிடிக்கும். அட்ஜஸ்டர் நட்டைத் திருப்பினால் போதும், காசே வேண்டாம். கேபிளே இல்லாத மின்னணு ஆக்சிலேட்டர் வண்டிக்கு இது பொருந்தாது.

3. கிளட்ச் கேபிள். காய்ந்து துருப்பிடித்த கேபிளால் மெதுவாக விடவே முடியாது. எண்ணெய் விடுங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள்.

4. கப்ளிங் ரப்பர். பின்சக்கர ஹப்புக்குள் இருப்பது. எஞ்சினின் ஒவ்வொரு தள்ளையும் வாங்கிக்கொள்ளும் தலையணை இதுதான். வருடக்கணக்கில் கல்லாகிவிடும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? மாற்றிவிடுங்கள்.

5. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்து ஐடிலைச் சரியாக வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அடித்தால் மட்டும் ஆறாவது: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது.

இங்கே நாம் வகுப்பில் போட்ட விகிதக் கணக்கு வேண்டும். என் தங்கை மகன் வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 45. 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. முன்னால் 14 போட்டால் 3.21. அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் அதே அளவு கூடும். 2100 சுற்றில் திணறிய இடத்தில் இப்போது 2250. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அரை கிளட்ச் இல்லாமல் வண்டி நகர்வதற்கும் நகராமல் நிற்பதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் பல சமயம் அவ்வளவுதான்.

இதற்கு விலையும் உண்டு, மறைக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் 5600 சுற்றில் போனது இனி 6000-இல் போகும். மைலேஜ் கொஞ்சம் குறையும். சின்னப் பல்சக்கரத்தில் செயின் அதிகமாக வளைவதால் சீக்கிரம் தேயும். வேகத்தை கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் 7 சதவீதம் கூட்டிக் காட்டும். முன்சக்கரத்திலிருந்து எடுத்தால் மாறாது. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் யோசியுங்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸிலும் முதலில் கேளுங்கள். ஒரு பல்லுக்கு மேல் குறைக்காதீர்கள்.

தங்கை மகன் வண்டிக்கு இந்த வேலைகளைச் செய்தது மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன்தான். செயின், கேபிள், ரப்பர் மூன்றிலுமே பாதி நோய் போய்விட்டது. மீதியை அந்த ஒரு பல் தீர்த்தது. இப்போது அவன் பின்னால் உட்கார்ந்து போகும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்காமல் பேசிக்கொண்டே வருகிறேன்.

வாங்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் ஒரு சின்னப் பிளக் மாட்டினால் வண்டி மென்மையாகும் என்று விற்கிறார்கள். காற்று குளிராக இருப்பதாக அது எஞ்சின் கணினியிடம் பொய் சொல்லும். அதுவும் நம்பிக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யும் நேரத்தில் அந்தப் பொய் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிடிபடாத நேரத்தில் புகை கூடும். செயினைப் பார்க்காமல் இதை மாட்டுவது, காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவதுபோல.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை அம்சங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, புகை அளவை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். செயினைச் சரியாக வைத்ததற்கு எந்தப் போலீஸ்காரரும் பிடிக்க மாட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை அடுத்த முறை சைலன்சருக்குப் பணம் கேட்டால் சண்டை போடாதீர்கள். ஒரு பரீட்சை வையுங்கள். காலி மைதானத்தில் அம்மாவையோ பாட்டியையோ பின்னால் உட்கார வைத்து, கிளட்சைத் தொடாமல் 20 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 18 நொடி ஆகும். பின்னால் இருப்பவர் ஒரு முறைகூடக் கம்பியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தேறாவிட்டால் மேலே உள்ள ஆறையும் வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள், அந்தச் செலவை நீங்களே கொடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஒரு நிபந்தனை: எழுதும் முன் போய்ச் செயினை அளந்துவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லோரும் நலமாக வீடு வந்து சேருங்கள்.