சாட்சிக் கையெழுத்தை யார் போடுவது?

பெரியவர் காலமாகி, 16-ஆம் நாள் கருமக்கிரியை முடிந்த கையோடு அலமாரியிலிருந்து ஓர் உயில் வெளியே வரும். அதைப் படித்து முடிப்பதற்குள் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடும். "அப்பா இப்படி எழுதியிருக்கவே மாட்டார்" என்பார் ஒருவர். "கையெழுத்து அவருடையதுதானே!" என்பார் இன்னொருவர். நம் குடும்பங்களில் இது புதிய கதை அல்ல.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், யார் நல்ல பிள்ளை, யார் கடைசி வரை பார்த்துக்கொண்டார் என்பதை வைத்து உயில் செல்லுமா என்று முடிவு செய்ய மாட்டார்கள். கையெழுத்துப் போட்டபோது அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியக் கேள்வி.

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் பொருந்துகிறது. எழுதுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மனத்தெளிவு வேண்டும். உயில் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் முடிவில் அவர் கையெழுத்திடும்போது, குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். அவர்களும் அவர் கண்முன்னே கையெழுத்திட வேண்டும். காலையில் ஒரு சாட்சி, மாலையில் இன்னொரு சாட்சி என்று தனித்தனியாக வாங்கினால் செல்லாது. வழக்கறிஞர் வைத்துத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சாட்சி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் வெளியூரில். டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருவது கடைசி மகனும் மருமகளும்தான். அந்த நன்றிக்காக வீட்டைக் கடைசி மகனுக்கே எழுதுகிறார் அம்மா. ஒரு சாட்சியாகப் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். இன்னொருவர் கிடைக்காததால் மருமகளே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இந்த உயில் செல்லும். ஆனால் மகனுக்கு வீடு கிடைக்காது! சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது என்கிறது சட்டத்தின் 9-ஆவது பிரிவு. மிச்சமுள்ள சொத்து யாருக்கு என்று உயிலில் சொல்லாமல் விட்டிருந்தால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி அந்த வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். மருமகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அம்மாவின் ஆசை அந்த ஒரு கையெழுத்தால் அடிபட்டுப் போகிறது.

அடுத்தது மனத்தெளிவு. இதற்கு 1870-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கின் அளவுகோலையே நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. உயில் எழுதுகிறோம் என்பதும், தம் சொத்து எவ்வளவு என்பதும், அதில் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் என்பதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மறதி நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் உயில் செல்லாமல் போகாது. ஆனால் தெளிவோடுதான் எழுதினார் என்று நிரூபிக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. பயன் பெறும் பிள்ளையே முன்னின்று உயிலைத் தயாரித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். எனவே வயதானவர் உயில் எழுதும் அன்றே மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பங்கு பெறும் பிள்ளைகள் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. திருமணமானதும் முன்பு எழுதிய உயில் ரத்தாகிவிடும். அந்தத் திருமணத்தைக் குறிப்பிட்டே எழுதியிருந்தால்தான் நிற்கும். விவாகரத்தோ உயிலை ரத்து செய்யாது. புதிதாக எழுதாவிட்டால், பிரிந்துபோனவருக்கு எழுதிய பங்கு அப்படியே இருக்கும்.

வீட்டில் உயில் இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யாருக்கு என்ன என்று பார்ப்பதற்கு முன், கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் யார் என்று பாருங்கள். பங்கு பெறுபவரோ அவருடைய துணையோ அங்கே இருந்தால், வேறு இரண்டு சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதிவிடலாம். எழுதியவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரைதான் அது முடியும்.