முதலாளி இல்லாத வேலையாம்!

“வேலை தேடி அலையாதே, நீயே உனக்கு முதலாளி!” பெருநகரங்களில் ‘கேரியர் கோச்’ என்ற பெயரில் உலவும் தொழில் வழிகாட்டிகள் இன்று ஓதும் மந்திரம் இதுதான். கைபேசி ஒன்றிருந்தால் போதும், யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் காணொலி போட்டுச் சுயதொழில் முனைவோர் ஆகிவிடலாமாம். இந்த உபதேசத்திற்குக் கட்டணம் தனி.

அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. காணொலி தயாரிப்பது உழைப்பே. எழுதுவது, படம்பிடிப்பது, இரவெல்லாம் அமர்ந்து படத்தொகுப்பு செய்வது எல்லாம் அதில் அடக்கம். இதை வெட்டிவேலை என்று எள்ளி நகையாடுவோர் நம் தோழர்களிடையேயும் உள்ளனர். அது தவறான பார்வை. ஆனால் அந்த உழைப்பின் முதலாளி யார் என்ற இடத்தில்தான் வழிகாட்டிகள் மழுப்புகிறார்கள்.

யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையோ, 90 நாட்களில் ‘ஷார்ட்ஸ்’ காணொலிகளுக்கு 1 கோடிப் பார்வையோ வேண்டும். இவ்வரம்பை எட்டாதோரின் காணொலிகளிலும் விளம்பரம் ஓட்டும் உரிமையை 2020இல் அந்நிறுவனம் தன் விதிமுறைகளில் எழுதிக்கொண்டது. அவர்களுக்குப் பங்கு ஒரு காசும் கிடையாது. வரம்பைத் தாண்டியவரின் நீள்காணொலி விளம்பர வருவாயிலும் 45 சதவீதம் நிறுவனத்திற்கே. விகிதத்தை நிர்ணயிப்பதும், எந்தக் காணொலி யார் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானிப்பதும், கணக்கை முடக்குவதும் அந்நிறுவனமே. இது சுயதொழிலா? கூலி விகிதத்தைப் பேரம்பேச வழியற்ற துண்டுக்கூலி முறை! துண்டுக்கூலியில் தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறான் என்பதை ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் அன்றே விளக்கிவிட்டார்.

2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. தடையின் நியாயம் தனி விவாதம். டிக்டாக்கை நம்பிப் பிழைத்தவர்களின் வருவாய் ஒரே இரவில் நின்றது. முன்னறிவிப்பு இல்லை, இழப்பீடும் இல்லை. ‘முதலாளிகள்’ அல்லவா, யாரிடம் கேட்பது?

2018இல் பக்கோடா விற்பதும் வேலைவாய்ப்புதான் என்ற பிரதமர், 2024 மார்ச்சில் தில்லியில் காணொலிப் படைப்பாளர்களுக்குத் தேசிய விருது வழங்கினார். விருது சிலருக்கு, வேலை எவருக்கு? அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படியே, உழைப்போரில் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18இல் 52.2 சதவீதமாக இருந்து 2023-24இல் 58.4 சதவீதமாகியுள்ளது. ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவும் பெண்களும் இதில் அடக்கம். வேலை கொடுக்கத் தவறிய ஆட்சி, அந்தத் தோல்விக்குத் ‘தொழில்முனைவு’ என்று பெயர் சூட்டுகிறது. வழிகாட்டிகள் அதை விற்றுக் காசாக்குகிறார்கள்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் ஏழாவது அட்டவணை, நலநிதிக்குப் பங்களிக்க வேண்டிய நிறுவன வகைகளில் ‘உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவை’யையும் குறிப்பிடுகிறது. ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் பங்களிப்பு என்பது அற்பமே. தொழிலாளர் உரிமைகளைப் பறிக்கும் நான்கு தொகுப்புகளையும் எதிர்த்துப் போராடும் அதேவேளையில், அரசே எழுதிய இந்த வரியைக் காட்டி யூடியூப், இன்ஸ்டாகிராம் நிறுவனங்களிடம் நிதி வசூலிக்குமாறு வலியுறுத்தவேண்டும். ஜெர்மனியில் 2019இல் யூடியூபர்கள், ஐஜி மெட்டல் என்ற உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் கைகோத்து யூடியூபிடம் வெளிப்படையான விதிகளைக் கோரினர். டெலிவரி ஊழியர்களையும் ஓட்டுநர்களையும் அணிதிரட்டிவரும் நமது தொழிற்சங்கங்கள், கேமரா முன் நிற்கும் இந்த இளைஞர்களிடமும் உறுப்பினர் படிவத்தைக் கொண்டுசெல்ல வேண்டும்.